சொல் விளக்கம்: காப்புறுதி மோசடி

யாழ்ப்பாணத்தில் 'உறுதி' என்றால் முதலில் நினைவுக்கு வருவது காணி உறுதிதான். இடம்பெயர்ந்தபோதெல்லாம் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாகத் தூக்கிக்கொண்டு ஓடிய கடதாசி அது. தமிழ்நாட்டில் பத்திரம் என்பார்கள். காப்புறுதி என்ற சொல்லையும் நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: காப்பு, உறுதி. 'நட்டம் வந்தால் பார்த்துக்கொள்வேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்த வாக்கு. தமிழ்நாட்டுக் 'காப்பீட்டில்' இருப்பது ஈடு. எங்கள் நட்டஈட்டிலும் அதே ஈடுதான். இரண்டும் நல்ல தமிழ்.

ஆனால் காப்புறுதிப் பொலிசியைக் 'கொள்கை' என்று எழுதுவது பிழை. அரசாங்கக் கொள்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒலியில்தான் ஒன்று. இது இத்தாலிய 'பொலிற்சா' வழியாக வந்தது; அதன் கிரேக்க மூலத்துக்குச் சான்று என்று பொருள். அதற்கும் உறுதியே பொருத்தம்.

அடுத்தது மோசடி. இது மோசம் என்ற சொல்லோடு சேர்ந்தது. மோசத்துக்கு மூலமாகச் சொல்லப்படும் வடமொழி 'மோஷ' என்பதற்குப் பொருள் களவு. ஊரிலே எங்களிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: சுத்துமாத்து. சுற்றுவதும் மாற்றுவதும் அதிலேயே தெரிகிறது. எழுத்தில் 'காப்புறுதிச் சுற்றுமாற்று' என்று தாராளமாக எழுதலாம்.

சரி, இந்தச் சொல் யாருக்குப் பொருந்தும்? கொக்குவில் பக்கம் ஒரு கராஜில் நின்றபோது, முன் மட்காட் நெளிந்த ஓட்டோ ஒன்று வந்தது. பின்பக்கத்தில் துருவேறிய பழைய நெளிவு. "அண்ணை, அதையும் சேர்த்து எழுதிவிடுங்கோ, இன்சூரன்ஸ்காரன்தானே தாறான்" என்றார் ஓட்டோக்காரர். அவன் எங்கிருந்து தருவான்? எல்லாரும் கட்டிய கட்டுப்பணத்திலிருந்துதான். இப்படிச் சேர்த்து எழுதினால், உண்மையாக நெளிந்த மட்காட்டுக்கான காசும் கிடைக்காமல் போகலாம். ஏமாற்றிப் பணம் பெற்றது நிரூபணமானால், இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை 403 ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறை, அதோடு தண்டப்பணமும்.

மறைப்பதும் இதில் சேரும். காப்புறுதி எடுப்பவருக்குத்தான் தன் நிலைமை தெரியும், கொடுப்பவர் அவர் சொல்லை நம்பியே கையெழுத்து வைக்கிறார் என்று 1766 இல் இங்கிலாந்தின் மான்ஸ்பீல்ட் பிரபு ஒரு தீர்ப்பில் விளக்கினார். ஒளிவுமறைவு கூடாது என்ற விதிக்கு அந்தத் தீர்ப்பைத்தான் இன்றும் காட்டுவார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா. கணவரின் படிவத்தில் 'நீரிழிவு உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று அடையாளம் இட்டிருந்தது. "சும்மா போடுங்கோ" என்று முகவர் சொன்னாராம். கணவர் செத்த பிறகு கிளினிக் கொப்பியைக் கேட்டார்கள். அதிலே பல வருடத்துச் சீனிக் குளிசைகள், திகதி திகதியாக. ஒரு சதமும் கிடைக்கவில்லை. அந்தப் பொலிசியை அக்கா காணி உறுதியோடு ஒரே பையில்தான் வைத்திருந்தா.