"எனக்கு வெயில் ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்கிறவர்களுக்கு

சித்திரை பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காலை பதினொன்றரை மணி. எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் மருமகளோடு உள்ளே வந்தார். முழுக்கைச் சட்டை, மேலே ஒரு துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். உட்கார்ந்ததும் மேலே பார்த்து, "டாக்டரம்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க, காத்து ஆகறதில்லீங்க" என்றார். பின்னால் நின்ற மருமகளுக்கு ஏழாவது மாதம். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டிலும் இப்படித்தான் என்பது பேசப் பேசத் தெரிந்தது. ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஒரே ஒரு ஃபேன். மாமனார் சொன்னால் நிறுத்திவிட வேண்டியதுதான். "மாமாவுக்குக் குளுருதுன்னா என்னங்க பண்றது" என்றார் அந்தப் பெண், ஒரு குறையாகக்கூடச் சொல்லாமல்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். மாசி முடிந்துவிட்டால், வருகிற எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "வெயில் உங்களுக்கு எப்படிங்க?" பாதிப் பேர் "எனக்கு ஒண்ணும் பண்ணாதுங்க, காட்டுல பொறந்து வளர்ந்த ஒடம்பு" என்பார்கள். மீதிப் பேர் "எனக்குச் சுத்தமா ஆகாதுங்க" என்பார்கள். இரண்டு பதிலுமே எனக்கு வேண்டும். ஆனால் இரண்டையும் அப்படியே நம்பிவிட மாட்டேன். ஒருவருக்கு எந்த வெக்கை பிடிக்கிறது என்பது வேறு, அவர் உடம்பு எந்த வெக்கையைத் தாங்கும் என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஆபத்தில் போய் நின்றவர்களை ஒவ்வொரு கத்திரியிலும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிடிப்பது, பிடிக்காதது என்பதே என்னவென்று பார்ப்போம். நம் உடம்பின் உள்ளே வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். தோல் அதைவிடக் குறைவு, 33, 34 டிகிரி இருக்கும். அந்தத் தோலில் சூட்டையும் குளிரையும் உணர்கிற நுண்ணிய வாசல்கள் நரம்பு முனைகளில் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்ததில் டேவிட் ஜூலியஸுக்குப் பெரிய பங்கு உண்டு. தொடு உணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படபூஷியனோடு சேர்த்து 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் பட்டால் எரிகிறதே, அதுவும் ஏறத்தாழ 43 டிகிரிச் சூடும் ஒரே வாசலைத்தான் திறக்கின்றன. வெளியே வெயிலும் உள்ளே காரமும் ஒரே மாதிரி 'சுடுவது' அதனால்தான்.

ஆனால் தோல் சொல்வது மட்டும் விருப்பம் ஆகிவிடாது. மிஷேல் கபனாக் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1971இல் இதை விளக்கினார். உடம்பு சூடேறி இருப்பவருக்குக் குளிர்ந்த தண்ணீர் சுகமாக இருக்கும். அதே தண்ணீர், உடம்பு குளிர்ந்திருப்பவருக்கு வேதனையாக இருக்கும். தண்ணீர் மாறவில்லை, உடம்பின் தேவை மாறியிருக்கிறது. காட்டு வேலை முடித்து வந்து பானைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 'பிடிக்கிறது' என்பது உடம்பு உள்ளிருந்து அனுப்புகிற சொல். நல்ல ஆரோக்கியத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அந்தச் சொல் திடீரென்று மாறினால் கவனிக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர், கத்திரி வெயிலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். கால்வலிக்கு மாத்திரை கேட்டுத்தான் வந்தார். "போன வருசம் வரைக்கும் நாந்தான் வீட்ல ஃபேனுக்குச் சண்டை போடுவேனுங்க, இப்ப காத்தே பிடிக்கிறதில்லை" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். முகம் லேசாக உப்பியிருந்தது, தோல் வறண்டிருந்தது. தைராய்டு சுரப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. இதற்கு நேர்மாறாக, மார்கழியிலும் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் படுத்த ஓர் இளைஞருக்குத் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தது. ரத்தசோகை இருந்தாலும் குளிர் அதிகம் தெரியும். மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டும். அதை "ஏதோ கோபம்" என்று வீட்டில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். அவர் ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்தால் தயவுசெய்து இடம் கொடுங்கள்.

வயதானவர்கள் கதை வேறு. அவர்களுக்கு அந்தச் சொல்லே மங்கிவிடுகிறது. எழுபதுக்கு மேல் வெக்கையை உணர்வதும் குறையும், வேர்ப்பதும் குறையும், தாகம் எடுப்பதும் குறையும். காங்கேயம் பக்கம் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) வெள்ளாடு மேய்க்கிற ஓர் அம்மாவை அவர் மகன் அழைத்து வந்தார். அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். வெள்வேல மர நிழல்தான் நாள் முழுக்க. வெயில் அவருக்கு நிஜமாகவே பிடிக்கும், "குளிர்தானுங்க நமக்கு ஆகாது" என்றார். ரத்தக்கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிட்டு வந்தார். இரண்டு நாளாக எழுந்தால் கிறுகிறுப்பு, சிறுநீர் சரியாகப் போகவில்லை. பரிசோதித்தால் சிறுநீரகம் தடுமாறிக்கொண்டிருந்தது. "தண்ணி குடிக்கலையாங்கம்மா?" என்றேன். "தவிச்சாத்தானுங்களே குடிக்க" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. தவிப்பு வரவே இல்லை. நல்லவேளை, மருத்துவமனையில் சேர்த்து நீரேற்றியதும் நான்கு நாளில் தேறிவிட்டார்.

நீர் மாத்திரை, படபடப்புக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தருகிற சில மாத்திரைகள், மனநல மருந்துகளில் சில, அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்துகிற மருந்து, சளிக்கு வாங்கிப் போடுகிற தூக்கம் வரும் மாத்திரை எல்லாம் வெயிலில் உடம்பு தன்னைக் காத்துக்கொள்வதைக் குறைக்கும். அதற்காக யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். பங்குனியிலேயே ஒருமுறை மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு போய் "வெயில் காலத்துக்கு இது சரிதானுங்களா" என்று கேளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் மருந்தைத் தண்ணீர் படாமல் மூடி, ஈர மண்பானைக்குள் வையுங்கள். அட்டைக் கூரைக்குக் கீழே அலமாரியில் வைத்த இன்சுலின் வீரியம் இழந்துவிடும். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று பிறகு தேடிக்கொண்டிருப்போம்.

சரி, "பழகின ஒடம்பு" என்பதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. வெயிலுக்கு உடம்பு பழகும். ஏழு நாளிலிருந்து பதினான்கு நாள் ஆகும். ரத்தத்தில் நீர்ப்பங்கு கூடும், வேர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறைவாகப் போகும். ஆனால் இந்தப் பழக்கம் சேமிப்பு மாதிரி கிடக்காது. சில வாரம் குளிர்ந்த இடத்தில் இருந்துவிட்டு வந்தால் பெரும்பகுதி போய்விடும். சிறுவயதில் ஆடு மேய்த்த உடம்பு என்பது நாற்பது வயதில் ஏசி அறையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு எந்த உதவியும் செய்யாது.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்து ஊர் மாரியம்மன் நோம்பி. கொடுமுடிக்குப் போய்த் தீர்த்தம் எடுத்து நடந்து வருவார்கள். பெங்களூருவில் கணினி வேலை பார்க்கிற இருபத்தாறு வயதுப் பையன், முந்தைய நாள் ராத்திரிதான் ஊருக்கு வந்திருக்கிறான். தூக்கம் இல்லை, விரதம் வேறு. வெறுங்காலோடு தார் ரோட்டில், மேளத்துக்கு ஆடிக்கொண்டே வந்திருக்கிறான். பன்னிரண்டு மணி வாக்கில் தள்ளாட ஆரம்பித்தான், பேச்சு குழறியது, யாரையும் அடையாளம் தெரியவில்லை. கூட இருந்தவர்கள் அருள் வந்திருக்கிறது என்று சுற்றி நின்று கும்பிட்டார்கள். அவனுடைய அமுச்சி (அம்மாவின் அம்மா) மட்டும் கிட்டே போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். "ஒடம்பு கொள்ளிக்கட்டையாட்டம் சுட்டுச்சுங்க. சாமின்னா சாமி, மொதல்ல புள்ளையக் காப்பாத்தோணும்ல" என்று பிறகு என்னிடம் சொன்னார். தன் தலையில் இருந்த தீர்த்தக்குடத்தை இறக்கி அவன்மேல் கவிழ்த்தார். நான்கு பேர் குடத்தையும் வாங்கி ஊற்றினார். நிழலுக்கு இழுத்து, ஈரத்துண்டு போட்டு, தாம்பாளத் தட்டால் விசிறிக்கொண்டே இருந்தார்.

என்னிடம் கொண்டுவரும்போது அதற்குப் பிறகும் 40.6 டிகிரி. உடம்பெல்லாம் வேர்வை வேறு. வெப்பத்தாக்கு வந்தால் வேர்வை நின்றிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உழைத்தோ ஆடியோ ஓடியோ வருகிற தாக்கில் வேர்வை இருக்கும். சூடான உடம்போடு புத்தி தடுமாறினால் அது வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வருகிறவரை காத்திருக்காமல் தண்ணீரை ஊற்றி விசிறத் தொடங்குங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெரிய மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்து பையன் பிழைத்து வந்தான். அவனைக் காப்பாற்றியது என் மருத்துவம் என்று நான் நினைக்கவில்லை, அந்த முதல் பத்து நிமிடம்தான்.

நம் கொங்கு நாட்டிலேயே வெயில் ஒரே மாதிரி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சியையும் கோயம்புத்தூரையும் கொஞ்சம் ஆற்றிவிடும். ஈரோடும் கரூர்ப் பரமத்தியும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். செய்தியில் சொல்கிற அளவு நிழலில் காற்றோட்டமான பெட்டிக்குள் எடுத்தது. வெயிலில் நிற்கிற உடம்புக்கு அதைவிட அதிகம்.

ஆனால் எண் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் உடம்புக்கு இருக்கிற ஒரே வழி வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாக வேண்டும், சொட்டி வழிந்தால் பயன் இல்லை. ஈரோட்டு வறண்ட காற்றில் வேர்வை சீக்கிரம் காயும். திருப்பூரில் அயர்னிங் செக்‌ஷனில் நீராவிக்கு நடுவே நிற்கிறவருக்கும், சாயப்பட்டறையில் இருப்பவருக்கும், கரும்பாலையில் கொப்பரை முன்னால் நிற்கிறவருக்கும் காயவே காயாது. 40 டிகிரிக் காட்டைவிட 35 டிகிரிப் பட்டறை கொடுமையாக இருப்பது அதனால்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் "எங்க ஊர்ல இதைவிட வெயில்" என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அது வேறு வெயில். புதிதாக வருகிறவரை முதல் நாளே முழு நேரம் அங்கே நிறுத்தாதீர்கள். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். முதலாளிகளாக இருக்கிற என் நண்பர்களிடம் இதை வருடா வருடம் கெஞ்சிக் கேட்கிறேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வைத்திருக்கிறது. அந்தப் பணம் எந்தக் குடும்பத்துக்கும் தேவைப்படாமல் இருக்கட்டும்.

அலுவலகங்களில் நேர்மாறான தொல்லை. அங்கே பெண்கள் மே மாதத்தில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏசிக்கு உலகமெங்கும் பின்பற்றிய கணக்கு, நாற்பது வயது, எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல்வெப்பத்தை வைத்துப் போட்டது என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. பெண்களின் உடம்பு ஓய்வில் அதைவிடக் குறைவான வெப்பத்தைத்தான் உண்டாக்குகிறது. நம் நாட்டில் நட்சத்திரக் குறியீடுள்ள அறை ஏசிகள் 2020 முதல் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைத்திருக்கிறார்கள். நான் 27இல் வைத்து ஃபேனையும் சுற்றவிடச் சொல்வேன். ஒரு டிகிரி கூட்டினால் மின்சாரம் 6 சதவீத அளவு மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

அப்புறம், ஃபேன். காற்றே 40 டிகிரிக்கு மேல் போனால் உலர்ந்த தோலின்மேல் வீசுகிற காற்று உடம்பைச் சூடாக்கும். அந்த நேரம் கைகால், கழுத்தை நனைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மோர், நீராகாரம், கம்மங்கூழ், கிடைத்தால் இளநீர், தெளுவு (பதநீர்) எல்லாம் நல்லது. சர்க்கரை இருப்பவர்கள் தெளுவைத் தவிர்க்கலாம். இதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்கள் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும்.

அந்தப் பெரியவரிடம் ஃபேனைப் பற்றி வாதாடவில்லை. அவருக்குக் குளிர்வது நிஜம். கட்டிலை ஆசாரத்தின் ஓரத்துக்கு மாற்றி, காற்று நேரே படாதபடி போடச் சொன்னேன். மருமகளுக்கு ஃபேன் வேண்டும். கர்ப்பத்தில் உடம்பே கூடுதல் சூட்டை உண்டாக்கும், கடும் வெக்கையில் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடும் என்று பெரியவர் காதில் விழும்படி சொன்னேன். சுவரில் மாட்டுகிற வெப்பமானி ஒன்று வாங்கி, 32க்கு மேல் போனால் யார் என்ன சொன்னாலும் ஃபேன், இரண்டு மணிக்கொரு முறை பெரியவருக்கு ஒரு டம்ளர் மோர் என்று எழுதிக் கொடுத்தேன்.

வைகாசியில் திரும்ப வந்தார்கள். துண்டு தோளில்தான் இருந்தது, கழுத்தைச் சுற்றவில்லை. "பேரன் அந்தச் சூடு பாக்கற பெட்டியைப் பார்த்து ஃபேனைப் போட்டு உடறானுங்க, நான் ஒண்ணும் சொல்றதில்லை" என்றார். அறைக்குள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தக்கொதிப்புப் பார்க்க நான் பட்டையைச் சுற்றும்போது, அவர் மருமகள் பக்கம் திரும்பி, "அம்மணி, நீ இப்படிக் காத்துக்கு வந்து உக்காரு" என்றார்.