எக்ஸ்ரேயில் தெரிந்த கறுப்புக் கோடு

தண்டையார்பேட்டையில் எலும்பு மருத்துவராகப் பணியாற்றும் நான், பள்ளிப் பிள்ளைகளின் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டும்போதெல்லாம் ஒரே கேள்வியை எதிர்பார்த்தே மாட்டுகிறேன். கால்பந்து ஆடும்போது கையை ஊன்றி விழுந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனை அண்மையில் அழைத்துவந்த அவனுடைய தந்தை, மணிக்கட்டை ஒட்டித் தெரிந்த கறுப்புக் கோட்டைப் பார்த்ததும், "எலும்பு ரெண்டு துண்டா நிக்குது, பாருங்க சார்" என்று பதறினார்.

அது முறிவன்று. வளரும் வயதில் இருக்கும் எல்லோருக்கும் நீண்ட எலும்புகளின் முனைக்கருகில் வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. சுண்ணாம்புச் சத்து படியாத குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் பதிவதில்லை என்பதால், அந்த இடம் வெற்றிடம்போலத் தோன்றுகிறது. நீங்கள் உயரமாவது அங்கேதான்: தட்டின் ஒரு பக்கத்தில் புதிய குருத்தெலும்பு உருவாக, மறுபக்கத்தில் பழையது எலும்பாக மாறிக்கொண்டே போகிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் 14, 15 வயதிலும் ஆண்களுக்கு 16, 17 வயதிலும் இத்தட்டுகள் மூடிக்கொள்கின்றன. கழுத்துப்பட்டை எலும்பின் உள்முனை மட்டும் ஏறத்தாழ 25 வயதுவரை காத்திருக்கிறது.

குருத்தெலும்பு என்றால் எப்படியிருக்கும் என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் காசிமேட்டுச் சுறாவைத்தான் சொல்வேன். வஞ்சிரத்துக்கு இருப்பதுபோன்ற எலும்பு சுறாவுக்குக் கிடையாது. அதன் உடற்கூடு முழுவதும் குருத்தெலும்பே. தாயின் வயிற்றில் நம் எலும்புகளில் பெரும்பாலானவையும் முதலில் அவ்வாறே தொடங்குகின்றன. பிறக்கும்போது ஏறத்தாழ 300 தனித்தனிப் பகுதிகளாக இருப்பவை, வளர வளர ஒன்றோடொன்று இணைந்து, பெரியவர்களிடம் 206 எலும்புகளாகக் குறைகின்றன. இவற்றுள் இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும் மட்டும் 106 உள்ளன. கையை ஊன்றி விழும்போது முதலில் அடிபடுவது கை எலும்புகளும் அவற்றைத் தாங்கும் முன்கையும்தான்.

பாடநூலில் வரும் எலும்புக்கூட்டுப் படம் உலர்ந்த குச்சிகளை நினைவூட்டுவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது. உயிருள்ள எலும்புக்குள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, மஜ்ஜையில் இரத்த அணுக்கள் பிறக்கின்றன, பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. அதிலும் சிறுவர்களின் எலும்பு, பல் துலக்க ஒடிக்கும் பச்சை வேப்பங்குச்சியைப்போல வளைந்து, ஒரு பக்கம் மட்டும் பிளந்து நிற்பதுண்டு. அதனால்தான் விரல்களை அசைக்க முடிகிறதே, முறிவிருக்காது என்று முடிவு செய்வது தவறாகிறது.

அந்த மாணவனின் படத்தில் முறிவு எதுவும் தெரியவில்லை. ஆனால் வளர்ச்சித் தட்டின்மீது விரல் வைத்ததும் அவன் கையை இழுத்துக்கொண்டான். தட்டில் மட்டும் ஏற்படும் காயம் படத்தில் பிடிபடாமல் போகலாம். அங்கே விரல்தான் சாட்சி. என்னிடம் வருவதற்கு முன்பே, சுளுக்கு என்று கருதி யாரோ எண்ணெய் தடவி இழுத்து உருவி விட்டிருந்தார்கள். அடிபட்ட தட்டை இவ்வாறு இழுத்தால் அது மேலும் விலகக்கூடும். மருத்துவரிடம் வரும்வரை கையை உருவாமல், ஓர் அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ அணைகொடுத்து, துப்பட்டாவால் கழுத்தோடு தூளி கட்டினால் போதும்.

மூன்று வாரம் மாவுக்கட்டுப் போட்டேன். கேழ்வரகும், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும், வெயிலில் ஆடும் விளையாட்டும் தொடரட்டும் என்றேன். கால்பந்தை மட்டும் கை தேறும்வரை நிறுத்தச் சொன்னேன். கட்டைப் பிரித்தபோது வலி அறவே இல்லை. ஆனாலும் ஆறு மாதம் கழித்து இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன். காயம்பட்ட தட்டு அரிதாக முன்னதாகவே மூடிக்கொண்டால், அந்தக் கை மட்டும் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும் என்பதை வலி போய்விட்ட ஒரு வீட்டாருக்குப் புரியவைப்பதுதான் எனக்கு மாவுக்கட்டுப் போடுவதைவிடக் கடினமான வேலை.