ஏசியில் கேஸ் தீராது, கசியும்

சித்திரை வெயில் ஏறியதும் ஏசி மெக்கானிக்குகளின் போன் ஓயாமல் அடிக்கும். எதிர்முனையில் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "கூலிங் சுத்தமா இல்ல. கேஸ் தீர்ந்திருக்கும். வந்து அடிச்சு விட்டுட்டுப் போங்க." விசாரித்தால் போன வருஷமும் அடித்திருப்பார்கள், அதற்கு முந்தின வருஷமும் அடித்திருப்பார்கள். 2,500, 3,000 என்று கொடுத்துவிட்டு, "ஏசின்னா வருஷத்துக்கு ஒருவாட்டி கேஸ் போடணும்ல" என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். போட வேண்டியதில்லை. நல்ல மெஷினுக்கு ஒருவாட்டிகூடப் போட வேண்டியதில்லை.

எத்தனை பேரிடம் சொன்னாலும் மறுபடி இதே கேள்வி வருவதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் அல்ல. அடுப்பில் கேஸ் எரிந்து தீர்கிறது, வண்டியில் பெட்ரோல் எரிந்து தீர்கிறது. ஏசி கேஸ் எரிவதில்லை, பழசாகிச் சக்தி இழப்பதுமில்லை. காப்பர் பைப்புக்குள் அடைபட்டு, இன்டோரில் ஆவியாகி, அவுட்டோரில் மறுபடி திரவமாகி, அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. மாட்டிய அன்று எத்தனை கிராம் இருந்ததோ, கழற்றும் அன்றும் அத்தனை கிராம் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஃப்ரிட்ஜைப் பாருங்கள். அதற்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது, அதுவும் நாலு மாதம் அல்ல, வருஷம் முழுக்க. அதற்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் போடுகிறோமா? ஃப்ரிட்ஜில் எல்லா இணைப்பும் ஃபேக்டரியிலேயே பற்றவைத்து வருகிறது. ஸ்ப்ளிட் ஏசியில் நாலு இணைப்பு உங்கள் வீட்டில் வைத்துப் போடப்படுகிறது. இன்டோருக்கு இரண்டு, அவுட்டோருக்கு இரண்டு. கசிவு பெரும்பாலும் அந்த நாலில்தான்.

ஆகவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி "கேஸ் எவ்வளவு?" அல்ல. "போன வருஷம் போட்ட கேஸ் எந்த வழியா வெளியே போச்சு?" என்பதுதான். அதற்குப் பதில் தெரியாமல் அடிப்பது பஞ்சர் ஒட்டாமல் டயருக்குக் காற்றடிக்கிற வேலை.

பணம் போவது உங்கள் கவலை. வெளியே போன கேஸ் எல்லோருக்குமான கவலை. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஏசி கேஸ்களில் ஒன்றான ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலப்பது சுமார் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-22 என்றால் 1,810 கிலோ, போதாக்குறைக்கு அது ஓசோன் படலத்தையும் அரிக்கும். இப்போது புதிதாக வரும் மெஷின்களில் அதிகம் இருக்கும் ஆர்-32 கொஞ்சம் தேவலை, 675. ஆர்-290 வெறும் 3தான், ஆனால் அது புரொப்பேன், தீப்பிடிக்கும். அந்த மெஷினில் பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

இதை மின்சாரக் கணக்கில் பார்த்தால் விஷயம் உறைக்கும். நம் நாட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. 800 கிராம் ஆர்-32 முழுக்கக் கசிந்தால் 540 கிலோ, அதாவது 770 யூனிட் எரித்ததற்குச் சமம். ஒன்றரை டன் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசியின் லேபிளில் வருஷத்துக்கு, 1,600 மணி நேரத்துக்கு, போட்டிருக்கும் யூனிட்டும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். பழைய ஆர்-22 மெஷினில் 1.2 கிலோ போனால் 3,000 யூனிட்டைத் தாண்டுகிறது. பார்த்துப் பார்த்து 5 ஸ்டார் வாங்கி, 26 டிகிரியில் வைத்து, ஃபேனும் போட்டு மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு லூஸான நட்டில் போய்விடுகிறது.

26 டிகிரியில் வைப்பது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை, அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் (BEE) கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் ஏசிகள் 24 டிகிரியை இயல்பு நிலையாகக் கொண்டு வருவதும் அதனால்தான். 16 வைத்தால் சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

கேஸ் குறைந்த மெஷின் கரண்ட்டையும் தின்னும். அறை குளிராததால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஓயாது. இன்வெர்ட்டர் என்றால் முழு வேகத்திலேயே கிடக்கும். திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் கம்ப்ரசர் மோட்டாரின் சூட்டைத் தணிப்பது. அது குறைந்தால் ஒருநாள் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும் என்பது பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

கூலிங் இல்லையென்றால் உடனே கேஸ் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். அவுட்டோரின் பின்பக்கம் தூசியும் புறா இறகும் அடைத்திருக்கிறதா பாருங்கள். அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறதா? மோட்டாரைக் கிளப்பும் கெபாசிட்டர் பலம் இழந்திருந்தால் கம்ப்ரசரே ஸ்டார்ட் ஆகாது, அதற்கும் கேஸ் அடித்து பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டோர் காயிலில் (கேஸ் ஓடும் வளைந்த குழாய்த் தொகுப்பில்) ஐஸ் கட்டினால் கேஸ் குறைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஃபில்டர் அடைத்து காற்று ஓட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும். ஏசி கால் மணி நேரம் ஓடிய பிறகு, இன்டோர் உள்ளிழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸைத் தொடவே வேண்டாம். அறை பெரிதா, ஜன்னலில் வெயில் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரஷர் அளக்கும் கேஜை மாட்டிக் காட்டி "பாருங்க சார், பிரஷர் கம்மி" என்பார்கள். இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரசர் வேகம் மாற மாற பிரஷரும் மாறும், ஒரு ரீடிங்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. நிறுத்தி வைத்துப் பார்க்கும் பிரஷரும் அளவைக் காட்டாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலும் 35 டிகிரியில் ஆர்-32 சுமார் 300 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) காட்டும், பாதி கேஸ் போயிருந்தாலும் அதே 300தான். தொழிலில் இருப்பவர்களே இதில் ஏமாறுகிறார்கள்.

கசிவை எங்கே தேடுவது? முதலில் அவுட்டோர் வால்வில் இருக்கும் ஃப்ளேர் நட், அதாவது பைப்பின் விரித்த முனையை (ஃப்ளேர்) இறுக்கிப் பிடிக்கும் நட். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் வரும், அதனால் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அங்கேதான். சோப்பு நுரை தடவினால் முட்டை விடும். பைப்பை வெட்டிய பிறகு விளிம்புப் பிசிரை எடுக்காமல் ஃப்ளேர் போடுவது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாமல் கைக்கு வந்தபடி இறுக்கி ஃப்ளேரில் விரிசல் விடுவது, வீடு மாறும்போது பழைய ஃப்ளேரையே திரும்ப மாட்டுவது, இந்த மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். கேஸ் ஏற்றும் சர்வீஸ் வால்வின் மூடியைத் தொலைத்துவிட்டு அப்படியே போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஊசி மட்டும் கேஸைக் காலம் முழுக்கத் தாங்காது.

அடுத்தது காயில். சென்னைக் கடலோரத்தில், திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்று அவுட்டோரை அரிக்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் ஆயுள் கூடும். ஆசிட் ஊற்றிப் பளபளப்பாக்குகிறேன் என்பவரை உள்ளேயே விடாதீர்கள். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: இன்டோரின் தண்ணீர்க் குழாயை நேராக பாத்ரூம் கழிவுநீர்க் குழாயில் செருகிவிடுகிறார்கள். சாக்கடை வாயு அதே குழாய் வழியே மேலேறி காப்பர் காயிலைக் கறுக்க வைத்து அரிக்கும். குழாய் முனை திறந்தவெளியில் சொட்ட வேண்டும், முடியாவிட்டால் நடுவில் நீர் நிற்கும் வளைவு வைக்க வேண்டும்.

கசிவு கிடைத்ததும் வேலை இப்படித்தான் நடக்க வேண்டும், பக்கத்தில் நின்று பாருங்கள். மிச்ச கேஸை ரெக்கவரி மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்க வேண்டும், காற்றில் விடக் கூடாது. ஃப்ளேரைப் புதிதாகப் போட வேண்டும். நைட்ரஜன் ஏற்றி (ஆர்-32 மெஷினுக்கு 400 பிஎஸ்ஐ அளவில்) அரை மணி நேரமாவது நிறுத்தி, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும், ஆள் பிழைக்க மாட்டார். பிறகு வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தின் அளவு) கீழே இறக்கி, வால்வை மூடிப் பத்து நிமிஷம் பொறுத்து, ரீடிங் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில், மெஷினின் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் கிராமை எடை மெஷினில் வைத்து அளந்து ஏற்ற வேண்டும். பைப் நீளம் கூடியிருந்தால் மீட்டருக்கு எத்தனை கிராம் கூட்டுவது என்பது மேனுவலில் இருக்கும். எடை மெஷின் கொண்டு வராதவர் குத்துமதிப்பாகத்தான் அடிக்கிறார். ஆர்-410ஏ இரண்டு கேஸின் கலவை, சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுக்க வேண்டும். இத்தனைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். "இருபது நிமிஷத்துல முடிச்சிடுறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள், கூலி கூடினாலும் பரவாயில்லை.

வீடு மாறும்போதுதான் அதிக கேஸ் வீணாகிறது. மூட்டை கட்டுகிற ஆட்களே நட்டைத் திருகி "புஸ்"ஸென்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதற்கு மட்டும் ஒரு மெக்கானிக்கை வரவழையுங்கள். கூலிங்கில் ஓடவிட்டு, முதலில் ஒல்லி பைப்பின் வால்வை மூடி, கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த பைப்பின் வால்வை மூடி, உடனே மெஷினை நிறுத்தினால் கேஸ் முழுக்க அவுட்டோருக்குள் பத்திரமாக இருக்கும். புது வீட்டில் திறந்துவிட்டால் போதும். ஆனால் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும் மெஷினில் இதைச் செய்யவே கூடாது. ஓட்டை வழியே காற்றை உள்ளிழுத்தால் கம்ப்ரசர் வெடிக்கக்கூடும்.

பழைய ஏசியைக் காயலான் கடைக்குப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புது மெஷின்களில் ஆர்-22 நிரப்புவது 2025 தொடக்கத்தோடு இந்தியாவில் நின்றுவிட்டது. ஆனால் வீடுகளில் ஓடும் பழைய மெஷின்கள் நிறைய. காயலான் கடையில் முதல் வேலையே காப்பருக்காகப் பைப்பை வெட்டுவதுதான், ஒரு நொடியில் அத்தனை கேஸும் போய்விடும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும், கேஸைப் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 2022 மின்கழிவு விதிகளின் கீழ் ஏசியும் வருகிறது, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுக்கலாம். யாரிடம் கொடுத்தாலும், கசிவு இல்லாத மெஷின் என்றால், மேலே சொன்னபடி கேஸை அவுட்டோரில் இறக்கி, இரண்டு வால்வையும் மூடி, மூடிகளை இறுக்கிய பிறகே வீட்டை விட்டு அனுப்புங்கள்.