விஎம்மின் அட்மின் பாஸ்வேர்டு தொலைந்தால்

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு, சர்வருக்குள்ள போகவே முடியல" என்று விஎம் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி) பற்றி வரும் அழைப்புகள் பலவற்றில் பாஸ்வேர்டு தொலைந்தே இருக்காது. கன்சோலில் (விஎம்மின் திரையை நேரடியாகக் காட்டும் சாளரம்) கீபோர்டு அமைப்பு மாறி, @ குறி வேறு விசைக்குப் போயிருக்கும். பயனர்பெயர் கட்டத்தில் தட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இல்லையென்றால் தவறான முயற்சிகளால் கணக்கு பூட்டிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு காலாவதியாகியிருந்தாலும் இதே கதைதான்: என்எல்ஏ (திரை வருவதற்கு முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஏற்பாடு) இயங்கும் ரிமோட் டெஸ்க்டாப் உள்ளேயும் விடாது, மாற்றவும் விடாது. ஹைப்பர்வைசர் (விஎம்களை இயக்கும் மென்பொருள்) கன்சோல் வழியாகப் போனால் அங்கேயே புதியதை வைத்துக்கொள்ளலாம்.

நிஜமாகவே தொலைந்துவிட்டது என்றால், எதையும் தொடுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (விஎம்மின் இப்போதைய நிலையின் நகல்) எடுத்துவிடுங்கள்.

கிளவுடில் வேலை சுலபம். மைக்ரோசாஃப்டின் அஸூர் போர்ட்டலிலேயே ரீசெட் வசதி உண்டு; விஎம்முக்குள் ஏஜென்ட் (வெளியிலிருந்து வரும் கட்டளையை ஏற்கும் சிறு நிரல்) ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டொமைன் கன்ட்ரோலராக (நெட்வொர்க்கின் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்) இருந்தால் அந்த வழி கிடையாது. அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸில் கீ பேர் கோப்பு (விஎம்முக்கான ரகசிய விசைக் கோப்பு) இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் விஎம்மில் அது காட்டுவது தொடக்கத்தில் உருவான பாஸ்வேர்டை மட்டுமே. பிறகு நீங்கள் மாற்றியதை அல்ல. சொந்த சர்வரில் விஎம்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸில், விஎம்முக்குள் கெஸ்ட் ஏஜென்டை முன்பே நிறுவியிருந்தால் ஹோஸ்டிலிருந்து (விஎம்மைத் தாங்கும் கணினி) ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

லினக்ஸில் கிரப் மெனுவில் (கணினி எழும்போது வரும் தொடக்க மெனு) பூட் வரியைத் திருத்தி உள்ளே நுழைந்து ரூட் பாஸ்வேர்டை மாற்றலாம். ரெட் ஹாட் குடும்பத்தில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு கோப்புகளுக்கு இடும் லேபிளை மறுபடி போடச் சொல்லாமல் விட்டால், புதிய பாஸ்வேர்டு சரியாக இருந்தும் லாகின் ஆகாமல் போகலாம்.

விண்டோஸில் பலர் கையாளும் பழைய உத்தி, நிறுவல் ஐஎஸ்ஓவில் (விண்டோஸ் நிறுவும் வட்டின் கோப்பு) பூட் செய்து, லாகின் திரையின் அணுகல் வசதிப் பொத்தான் திறக்கும் யுடில்மேன் கோப்பு இருக்கும் இடத்தில் கமாண்ட் பிராம்ப்டை வைப்பது. வேலை முடிந்ததும் பழைய கோப்பைத் திரும்ப வைக்க மறந்துவிடுகிறார்கள். அதன் பிறகு லாகின் திரையைப் பார்க்க முடிகிற எவரும், பாஸ்வேர்டே இல்லாமல், சிஸ்டம் உரிமையோடு (விண்டோஸின் மிக உயர்ந்த உரிமை) கட்டளை இடலாம். பாஸ்வேர்டு தொலைந்ததைவிட இது பெரிய ஆபத்து. இப்போது விண்டோஸின் பாதுகாப்பு நிரலான டிஃபெண்டரும் இந்த மாற்றத்தைப் பிடித்துவிடுகிறது.

குறியாக்கம் இருந்தால் நிலைமை வேறு. பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) போட்ட வட்டு, ஐஎஸ்ஓவில் பூட் செய்ததும் 48 இலக்க மீட்பு விசையைக் கேட்கும். லினக்ஸின் வட்டுக் குறியாக்கமான லக்ஸின் கடவுத்தொடரே போய், வேறு விசையும் கைவசம் இல்லையென்றால் பேக்கப்பைத் தேடுங்கள். இஎஃப்எஸ் (தனித்தனிக் கோப்புகளைப் பூட்டும் விண்டோஸ் குறியாக்கம்) கோப்புகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டை வெளியிலிருந்து மாற்றினால் லாகின் ஆகும், ஆனால் அந்தக் கோப்புகள் திறக்காது. குறியாக்கச் சான்றிதழின் நகலோ மீட்பு ஏஜென்டோ (கோப்புகளைத் திறக்க முன்பே அனுமதி பெற்ற வேறு கணக்கு) இருந்தால்தான் உண்டு.

உள்ளே போனதும் சர்வீஸ் பட்டியலையும் டாஸ்க் ஷெட்யூலரையும் (நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் வசதி) பாருங்கள். அதே அட்மின் கணக்கில் ஓடும் பேக்கப் வேலைகளில் பழைய பாஸ்வேர்டுதான் பதிந்திருக்கும். இன்றைக்கு எல்லாம் ஓடுவதுபோல் தெரியும்; அடுத்த ரீஸ்டார்ட்டில் சர்வீஸ் எழாது.