2 எம்பி கோப்புக்குள் 40 ஜிபி டிஸ்க்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு நிறுவப் பார்த்தேன். ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்று வந்ததும் பயந்து நிறுத்திவிட்டேன். இது அப்பாவின் லேப்டாப். அவருடைய கோப்புகள் போய்விடுமா? இன்னொன்று, லேப்டாப்பில் 30 ஜிபிதான் காலியாக இருக்கிறது. 40 ஜிபி டிஸ்க் எப்படி உருவானது?”

பயந்ததில் தப்பே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்பது கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள். அதில் உபுண்டு என்ற இயங்குதளம் பார்க்கும் டிஸ்க், உண்மையில் லேப்டாப்பில் இருக்கும் ‘விடிஐ’ என்ற ஒரு கோப்புதான். இரண்டு கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

இயங்குதளத்தைப் பொறுத்தவரை டிஸ்க் என்பது வரிசை எண் போட்ட அறைகள், அவ்வளவுதான். ஓர் அறைக்கு, அதாவது ஒரு செக்டருக்கு, வழக்கமாக 512 பைட். ‘இந்த எண் அறையில் இருப்பதைக் கொடு’, ‘இதை அந்த எண் அறையில் வை’ என்று இரண்டே வகைப் பேச்சு. சரியான பதில் வந்துகொண்டிருந்தால் போதும். அந்தப் பக்கம் இருப்பது சுழலும் தட்டா, சிப்பா, வெறும் கோப்பா என்று அது கேட்பதில்லை. இது புதுச் சங்கதியும் அல்ல. 1960களிலேயே ஐபிஎம் பெரிய டிஸ்க்கைத் துண்டு போட்டு, ஒவ்வொரு பயனருக்கும் தனி டிஸ்க் போலக் காட்டியது.

இப்போது அந்தக் கோப்பைப் பாருங்கள். ‘தேவைக்கேற்ப வளரும்’ வகையில் 40 ஜிபி கொடுத்து உருவாக்கிய விடிஐ கோப்பு, முதலில் சுமார் 2 எம்பிதான் இருக்கும். உள்ளே இருப்பது கொஞ்சம் முகப்புத் தகவலும் ஒரு பதிவேடும். விர்ச்சுவல்பாக்ஸ் டிஸ்க்கை 1 எம்பி கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. 40 ஜிபிக்கு 40,960 கட்டங்கள். ஒரு கட்டத்துக்குப் பதிவேட்டில் 4 பைட். மொத்தப் பதிவேடும் 160 கேபிக்குள் அடங்கிவிடும். தொடக்கத்தில் எல்லா வரியிலும் ‘இன்னும் இடம் ஒதுக்கவில்லை’ என்ற ஒரே குறி. அப்படிப்பட்ட கட்டத்தை கெஸ்ட் (மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளம்) படிக்கக் கேட்டால், வெறும் பூஜ்யங்கள் பதிலாகப் போகும். படிக்க அங்கே எதுவுமே இல்லை, ஆனாலும் பதில் சரி.

எழுத வரும்போதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி. நிறுவும் மென்பொருள் முதலில் ஜிபிடி அட்டவணையை, அதாவது டிஸ்க்கில் எந்தப் பகுதி (பார்ட்டிஷன்) எங்கே என்ற பட்டியலை, எழுதுகிறது. அதன் ஒரு பிரதி டிஸ்க்கின் தலைமாட்டில், இன்னொன்று பத்திரத்துக்காகக் கால்மாட்டில், கடைசி செக்டரில் முடியும்படி. கெஸ்ட்டின் கணக்கில் இரண்டுக்கும் நடுவே 40 ஜிபி தூரம். கோப்பிலோ 0ஆம் கட்டம் முதலில் வந்ததால் முதல் இடம் அதற்கு. 40,959ஆம் கட்டம் அடுத்து வந்தால் அதற்குப் பக்கத்து இடம். தலையும் காலும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன! கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடம் மாதிரி: டோக்கன் எண் எதுவானாலும் சரி, வந்த வரிசையில் அடுக்கு, எது எங்கே என்பதைப் பதிவேடு சொல்லும். 30 ஜிபி காலி இடத்தில் 40 ஜிபி டிஸ்க் உருவானது இப்படித்தான்.

ஆனால் 30 ஜிபியும் நிஜமாகவே தீர்ந்தால்? எனக்கு ஒருமுறை நேர்ந்தது. நிறுவல் முக்கால்வாசி ஓடியபோது லேப்டாப் நிரம்பிவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட்டை அப்படியே உறையவைத்துச் செய்தி காட்டியது. பழைய கோப்புகளை அழித்து இடம் பண்ணித் தொடரச் சொன்னேன். விட்ட இடத்திலிருந்து ஓடியது. நடுவில் அரை மணி நேரம் போனது அந்த நிறுவலுக்குத் தெரியவே தெரியாது.

கெஸ்ட்டுக்குள் கோப்புகளை அழித்தாலும் விடிஐ சுருங்குவதில்லை என்று பலர் குழம்புகிறார்கள். கோப்பை அழிக்கும்போது கெஸ்ட் தன் கணக்கில்தான் அதை நீக்குகிறது. ‘அந்த அறை இனி வேண்டாம்’ என்று டிஸ்க்கிடம் சொல்வதில்லை. அப்படிச் சொல்வதற்கு டிரிம் என்ற கட்டளை இருக்கிறது, அதை இரு பக்கமும் இயக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் காலி இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பி, கெஸ்ட்டை நிறுத்திவிட்டு, சுருக்கும் கட்டளை கொடுக்கலாம்.

டிஸ்க்கைப் பெரிதாக்கினால் பதிவேட்டில் வரிகள்தான் கூடும், பார்ட்டிஷன் தானாக வளராது. கடைசி செக்டரில் இருந்த ஜிபிடி பிரதியும் இப்போது நடுவில் நிற்கும். பார்ட்டிஷன்களை மாற்றும் கருவியான பார்ட்டட் ‘சரிசெய்யட்டுமா?’ என்று கேட்பது அதனால்தான். சரி என்று சொல்லிவிட்டு, அப்புறம் பார்ட்டிஷனை நீட்டுங்கள்.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால் அது வேறு கதை. பதிவேட்டில் கோளாறு இல்லை, பேச்சு போகும் வழியில்தான் சிக்கல். சாட்டா என்பது டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை, அதோடு பேசும் மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸ் எக்ஸ்பிக்கு சாட்டா டிரைவர் கிடையாது. பழைய இணைப்பு முறையான ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டினால் தெரியும். லினக்ஸில் மெய்நிகர் கணினி ஓட்டும் வசதியான கேவிஎம்மில், மெய்நிகர் கணினிகளுக்கென்றே வந்த விர்ட்ஐஓ முறையில் டிஸ்க் கொடுத்து விண்டோஸ் நிறுவினால் பட்டியல் காலியாகவே வரும். அதன் டிரைவர்கள் உள்ள விர்ட்ஐஓ ஐஎஸ்ஓ கோப்பையும் இணைத்து அங்கேயே டிரைவரை ஏற்ற வேண்டும். டிஸ்க் தெரிந்தும் மறுத்தால் அளவைப் பாருங்கள்: உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 25 ஜிபி, விண்டோஸ் 11க்கு 64 ஜிபி வேண்டும்.

நம் கல்லூரி ஆய்வகங்களில் பார்ட்டிஷன் பக்கமே மாணவர்களை விடுவதில்லை, கெடுத்துவிடுவார்களாம். கெட்டால் அழித்துவிட்டு இன்னொன்று உருவாக்கிக்கொள்ள இப்படி ஒரு டிஸ்க் இலவசமாகக் கிடைக்கும்போது, ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று கொடுத்து நாலு முறையாவது அழிக்கவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகிக்கு: மெய்நிகர் கணினிக்குள் ஓடும் அந்தத் திரையில் அழியப்போவது விடிஐ கோப்பின் உள்ளடக்கம் மட்டும். அப்பாவின் டிஸ்க்குக்குப் போகிற வழியே கெஸ்ட்டுக்கு இல்லை. இருந்தாலும் பொத்தானை அழுத்துமுன் டிஸ்க்கின் பெயரைப் படியுங்கள். ‘விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அளவு 42.9 ஜிபி என்று காட்டலாம். விர்ச்சுவல்பாக்ஸ் 1024இன் மடங்கிலும் உபுண்டு 1000த்தின் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது. இரண்டும் பொருந்தினால் அழுத்துங்கள்.