கேர்லிங் கல்லைக் கையால் தள்ளாதீர்கள்

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வருகிறவர்களில் சிலர் கோயிலுக்குப் போக முதலே என்னிடம் வந்துவிடுகிறார்கள். மாசியில் முறிந்த மணிக்கட்டு ஆவணியிலும் மடங்காமல் இருக்கும். கட்டு அவிழ்த்த கிழமையே பயிற்சி தொடங்கியிருந்தால் இந்தப் பாடு வந்திராது, அது வேறு கதை. எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டால் முன்பெல்லாம் வாசல்படிப் பனியைச் சொல்வார்கள். இப்போது "வேலையிடத்து ஆக்களோடை கேர்லிங் விளையாடப் போனனான்" என்கிறார்கள். ஐஸ் தளத்தில் பாரமான கல்லை வழுக்கவிட்டு, எதிர்ப்பக்கத்தில் கீறிய வட்டத்தின் நடுவுக்குக் கிட்ட நிறுத்தும் விளையாட்டு அது. போன கிழமை வந்த தம்பிக்குத் தோளும் சேர்ந்து பிடித்திருந்தது. "கல்லைத் தள்ளிப்போட்டுத் தும்புத்தடியால கூட்டிற விளையாட்டுத்தானே, இதுக்கு என்ன பழக்கம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வி என்பதால், ஓர் இயன்மருத்துவராக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கல். ஒலிம்பிக்கில் ஓடும் கற்கள் ஸ்கொட்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள அயில்சா கிரெய்க் என்ற தீவின் கருங்கல்லில் செய்தவை. விதிப்படி ஒரு கல் 17 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குச் சற்றுக் கீழ். அதை யாரும் தூக்குவதில்லை, எறிவதுமில்லை, கையால் தள்ளுவதுமில்லை. ஐஸில் பதித்த இறப்பர்க் கால்தாங்கி ஒன்று இருக்கிறது, பெயர் ஹக். வலக்கைக்காரர் வலது பாதத்தை அதில் ஊன்றிக் குந்தி, அந்தக் காலால் உந்த வேண்டும். உடம்பு முழுவதும் கல்லோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும். கைக்கு உள்ள வேலை திசை காட்டுவதும், விடும் நேரம் கைப்பிடியை மெல்லத் திருப்புவதும்தான். அந்தச் சுழற்சியால்தான் கல் வளைந்து போகிறது.

எதிர்ப்பக்க வட்டத்தின் நடு, ஹக்கில் இருந்து 38 மீற்றருக்கும் அப்பால். இவ்வளவு தூரம் போக வேண்டுமே என்று பயந்து, பழகாதவர்கள் கடைசி நொடியில் தோளால் இடித்துத் தள்ளுகிறார்கள். கல் விடும் பக்கத்தில் ஐஸின் குறுக்கே கீறிய ஹொக் கோட்டுக்கு முன்னரே கையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கல் ஆட்டத்தில் இல்லை. அந்த அவசரமும் சேரும்போது உடம்பு முன்னால் சாய்கிறது, கை விரிந்தபடி ஊன்றுகிறது, மணிக்கட்டு போகிறது. திரும்பவும் சொல்கிறேன்: பலம் காலில் இருந்து வரவேண்டும். முழங்கால் நோவுள்ள அம்மா அப்பாமார் குந்தவே தேவையில்லை. கைப்பிடியில் கொளுவும் நீளத் தடி இருக்கிறது, நின்றபடியே விடலாம். கழகத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள்.

அடுத்தது சப்பாத்து. ஒன்றின் அடி டெஃப்லோன், வழுக்கும். மற்றதன் அடி இறப்பர், பிடிக்கும். வலக்கைக்காரருக்கு வழுக்குவது இடது காலில். கல் விடாத நேரம் அதன்மேல் இறப்பர் உறையை மாட்டியே ஆகவேண்டும். "இரண்டு நிமிசம்தானே" என்று உறை போடாமல் நடந்தவர்கள்தான் மல்லாக்க விழுந்து பிடரி அடிபட்டு வருகிறார்கள். ஐஸில் இறங்கும்போது பிடிக்கும் கால் முதலில். பின்பக்கமாக நடக்க வேண்டாம். உருண்டு வரும் ஆளைப் பிடிக்கப் போகாதீர்கள், ஓடும் கல்லையும் கையாலோ காலாலோ மறிக்காதீர்கள். புதிதாகப் பழகுகிறவர்களும் சிறுபிள்ளைகளும் தலைக்கவசம் போடுங்கள். படம் எடுக்கும்போது அழகு குறைந்தால் குறையட்டும்.

கூட்டுவதையும் லேசாக நினைக்காதீர்கள். அந்தத் தளம் கண்ணாடி மாதிரி வழவழப்பானது அல்ல. நீர்த்துளிகளைத் தூவி உறையவைத்த சின்னச் சின்னப் பொருக்குகள் அதில் இருக்கும். பிறஷால் அழுத்தித் தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில் உராய்வு குறைந்து, கல் இன்னும் தூரமாகவும் நேராகவும் போகும். உடம்பின் பாரத்தைப் பிறஷில் இறக்கி, கல்லோடு ஓடிக்கொண்டே தேய்க்க வேண்டும். இதய வருத்தமோ கூடின பிறசரோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

விளையாட்டு விதி சுலபம். அணிக்கு 4 பேர், ஆளுக்கு 2 கல், இரண்டு அணிக்கும் சேர்த்து 16 கல் விட்டால் ஒரு சுற்று. அதை எண்ட் என்பார்கள், ஒலிம்பிக் அணி ஆட்டத்தில் 10 எண்ட். ஹவுஸ் என்கிற வட்டத்தின் நடுவுக்குக் கிட்ட யாருடைய கல் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும் புள்ளி. எதிரணியின் மிகக் கிட்டிய கல்லைவிட உள்ளே இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. கடைசிக் கல் விடும் வாய்ப்புக்கு ஹமர் என்று பெயர். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் அதை இழக்கும். அணித்தலைவரான ஸ்கிப் எதிர்முனையில் நின்று பிறஷால் இலக்குக் காட்டுவார், அவர் கத்துவதைக் கேட்டுக் கூட்டினால் போதும். இவ்வளவும் தெரிந்தாலே பதற்றம் பாதி குறையும்.

பிள்ளைகளே, அரை மணித்தியாலம் ஒரு பயிற்றுநரிடம் பழகிவிட்டு இறங்குங்கள். தலை அடிபட்டபின் சத்தி, தூக்க மயக்கம், கதை தடுமாற்றம், கூடிக்கொண்டே போகும் தலையிடி, இதில் எது வந்தாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியே கார் ஓட்டிக்கொண்டு போகாமல், கூட வந்த ஆளை ஓட்டச் சொல்லுங்கள்.