பட்டயம்: ஒரு சொல் விளக்கம்

2022 மார்ச் 30 அன்று கொழும்பு நடத்திய, வங்காள விரிகுடாப் பிராந்திய நாடுகளின் ஒத்துழைப்பு அமைப்பான பிம்ஸ்டெக்கின் ஐந்தாவது உச்சிமாநாட்டில் ஏழு நாடுகள் கைச்சாத்திட்ட ஆவணத்துக்கு ஆங்கிலத்தில் சார்ட்டர் என்று பெயர். தமிழில் அதைச் சாசனம் என்போர் உண்டு, பட்டயம் என்போர் உண்டு. அவசரத்தில் 'ஒப்பந்தம்' என்று எழுதிவிட்டுப் போவோரும் உண்டு.

சார்ட்டர், 'சிறு தாள்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அரசன் உரிமை வழங்கி எழுதிக்கொடுத்த தாள், பிற்காலத்தில் ஓர் அமைப்பையே தோற்றுவிக்கும் ஆவணமாயிற்று. பட்டயம் வந்த பாதையும் அதுவே. தாளுக்குப் பதில் செம்புத் தகடு. பட்டா இதன் உறவுச்சொல். கொல்லத்துத் தேவாலயத்துக்கு கி.பி. 849இல் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டை மலையாளத்தார் பட்டயம் என்றே சொல்வர். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்களின் உரிமைகள் அதில் உள்ளன. சாட்சிகள் அரபு, பகலவி (பழைய பாரசீக எழுத்து), எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். கடல் கடந்த ஒத்துழைப்பு நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

சாசனம் பிழையான சொல் அல்ல. ஆனால் இலங்கையில் அதன்மேல் வேறு சுமைகள் ஏறியிருக்கின்றன: அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையில் வரும் புத்த சாசனம் ஒன்று, உயிலைக் குறிக்கும் மரண சாசனம் இன்னொன்று. பட்டயத்துக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் டிப்ளோமாவும் பட்டயம்தான். வேதாகமத் தமிழில் அது வாள்! இருந்தும், பட்டயக் கணக்காளர் என்ற வழக்கு இங்கே ஊன்றிவிட்டதால் நம் தெரிவு பட்டயமே.

எதை எழுதினாலும் பிரகடனத்தோடு கலக்கக் கூடாது. பிம்ஸ்டெக் 1997 ஜூன் 6இல் பேங்கொக் பிரகடனத்தால் பிறந்தது. பிரகடனம் நாடுகளின் எண்ணத்தைச் சொல்லும். அமைப்புக்குச் சட்ட ஆளுமை தராது. அந்த ஆளுமை இல்லாத அமைப்பு தன் பெயரில் ஒப்பந்தம் செய்வதும், சொத்து வாங்குவதும், வழக்காடுவதும் சிக்கல். டாக்காவில் செயலகம் அமைக்கவே 2014இல் தனி ஆவணம் வேண்டியிருந்தது. சட்ட ஆளுமையைக் கொடுத்தது பட்டயம்.

அதுவும் கைச்சாத்திட்ட அன்றே அல்ல. கைச்சாத்துக்குப் பின் ஒவ்வொரு நாடும் தன் உள்நாட்டு முறைப்படி ஏற்புறுதி செய்து, அந்த ஏற்புறுதி ஆவணத்தை ஒப்படைக்க வேண்டும். ஏழாவது நாடாக நேபாளமும் ஏற்புறுதி செய்த பிறகு, 2024 மே 20இல்தான் பட்டயம் அமுலுக்கு வந்தது. '2022இல் அமுலுக்கு வந்தது' என்று எழுதினால் இரண்டு ஆண்டுப் பிழை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைதாண்டிய திட்டங்களைப் பெயர்ப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 1082ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி அங்கே இரு நாடுகளின் உள்ளூராட்சி மன்றங்களே கூடிச் சட்ட ஆளுமையுள்ள ஒரு குழுமத்தை அமைக்கலாம். அதன் அடிப்படை ஆவணங்கள் இரண்டு. முதலாவதன் ஆங்கிலப் பெயர் கன்வென்ஷன் என்பதால், நாடுகளுக்கிடையிலான உடன்பாட்டைக் குறிக்கும் 'சமவாயம்' என்று எழுதத் தோன்றும். ஆனால் அது உறுப்பினர்கள் தமக்குள் செய்துகொள்வது, எனவே உடன்படிக்கை. மற்றது உள்விதிகள். இரண்டில் எதுவும் பட்டயம் ஆகாது.

கொழும்பிலேயே செயலகம் வைத்திருக்கும், ஆசிய-பசிபிக் நாடுகளின் அபிவிருத்தி ஒத்துழைப்பு அமைப்பான கொழும்புத் திட்டத்தின் ஆவணமோ கான்ஸ்டிடியூஷன். அதை 'அரசியலமைப்பு' என்று பெயர்த்தால் புதிதாய் ஒரு நாடு முளைத்துவிடும், சங்கங்களின் அமைப்புவிதிகளுக்கு வழங்கும் 'யாப்பு' போதும்.